நைட்ரிக் ஆக்சைடைச் சுமந்து, பிறகு தானும் கரைந்துபோகும் பாலிமர்கள் பற்றி

கேட்கப்பட்ட கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேதியியல் படித்துவிட்டு ஆய்வு தொடங்கப்போகும் ஒருவர் மூன்று விஷயங்கள் கேட்டிருக்கிறார். நைட்ரிக் ஆக்சைடு நச்சு வாயு ஆயிற்றே, அதை ஏன் உடம்புக்குள் விடவேண்டும்? ஒரு வாயுவை எப்படிப் பாலிமருக்குள், அதாவது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருளுக்குள், பூட்டிவைக்க முடியும்? இருபது முப்பது வருடமாக ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றனவே, அப்புறம் ஏன் இவை நோயாளியின் உடம்பு வரை வந்து சேரவில்லை? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது என்பது என் எண்ணம், அதனால் முதல் இரண்டையும் கொஞ்சம் வேகமாகவே சொல்கிறேன்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே நீக்கிவிடலாம். மயக்க மருந்தாகக் கொடுக்கும் சிரிப்பு வாயு நைட்ரஸ் ஆக்சைடு, அதில் இரண்டு நைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் இருக்கும். நாம் பேசுவது ஒரு நைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் மட்டும் கொண்ட நைட்ரிக் ஆக்சைடு. அதில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று இருப்பதால் எதிரே எது வந்தாலும் வினைபுரியத் துடிக்கும். காற்றில் கலந்தால் பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடாக மாறிவிடும், அது நிச்சயமாக நச்சுதான். ஆனால் இதே மூலக்கூறை நம் இரத்தக்குழாய்களின் உட்சுவர் ஒவ்வொரு நொடியும் தானே தயாரித்துக்கொண்டிருக்கிறது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை ஒரு நொதி உடைக்க, அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு பிறக்கிறது. அது பக்கத்தில் இருக்கும் தசைச் செல்லுக்குள் நுழைந்து குழாயைத் தளர்த்துகிறது, இந்தப் பக்கம் இரத்தத்தில் ஓடும், உறைதலைத் தொடங்கிவைக்கும் தட்டணுக்களை ஒட்டாதே என்று தள்ளிவைக்கிறது. உட்சுவர் சிதைந்தால் குழாய் தளர மறுக்கிறது என்பதை ராபர்ட் ஃபர்ச்காட் 1980-இல் காட்டினார். அங்கிருந்து வரும் அந்த மர்மப் பொருள் நைட்ரிக் ஆக்சைடுதான் என்று தெரிய 1987 வரை ஆயிற்று. ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே, நுரையீரல் அழுத்தம் இறங்காமல் மூச்சுக்குத் திணறும் பச்சிளம் குழந்தைகளுக்கு இந்த வாயுவைச் சுவாசத்தில் கொடுக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதுவும் பத்து லட்சத்தில் 20 பங்கு என்ற சிறு அளவில். ஆக நச்சா மருந்தா என்பது எவ்வளவு, எங்கே, எத்தனை நேரம் என்பதைப் பொறுத்தது.

சரி, பாலிமர் எதற்கு? இரத்தத்தில் நைட்ரிக் ஆக்சைடு பிழைத்திருப்பது மில்லி விநாடிக் கணக்கில்தான், ஹீமோகுளோபின் அதைப் பார்த்ததும் விழுங்கிவிடும். மாத்திரையாகவோ ஊசியாகவோ கொடுத்து ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வேலை செய்யவைப்பது மிகவும் கடினம். உடம்பு முழுக்கப் பரவினால் இரத்த அழுத்தம் சரியும். ஆனால் இந்தச் சீக்கிரம் அழியும் குணமே ஒரு வரமும்கூட. வாயு பிறக்கும் இடத்தை மட்டும் நாம் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும், அது தூரம் போகாது, பக்கத்து உறுப்பைத் தொந்தரவு செய்யாது. எனவே புண்ணின் மேல் ஒட்டும் படலம், உடம்புக்குள் செருகும் கதீட்டர் குழாயின் மேல்பூச்சு, அடைபட்ட குழாயைத் தாங்கும் ஸ்டென்ட் என்று, தேவையான இடத்திலேயே உட்கார்ந்து வாயுவை மெல்ல மெல்ல விடும் ஒரு பொருள் வேண்டும். வேலை முடிந்ததும் அந்தப் பொருளும் கரைந்து போய்விட்டால் அதை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டாம். இதுதான் மொத்த யோசனையும். கரையும் தையல் நூல்கள் 1970-களிலிருந்தே அறுவை அரங்கில் இருக்கின்றன, அந்த லாக்டிக், கிளைகாலிக் அமிலப் பாலிமர்களைத்தான் இங்கேயும் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். கைட்டோசான், ஜெலட்டின், ஆல்ஜினேட், சிட்ரிக் அமிலத்தில் செய்த ரப்பர் போன்ற பாலியெஸ்டர்கள் என்று வேறு வழிகளும் உண்டு.

பூட்டிவைப்பது என்றால் சிலிண்டரில் அடைப்பதுபோல் வாயுவையே அடைப்பதல்ல. ஒரு பலவீனமான வேதிப் பிணைப்பில் அதைத் தொங்கவிடுகிறோம், அவ்வளவுதான். இதற்கு இரண்டு கொக்கிகள்தான் அதிகம் பயன்படுகின்றன. முதலாவது டையசீனியம்டையோலேட், ஆய்வகப் பேச்சில் நோனோஏட். அமீன் (நைட்ரஜன் உள்ள ஒரு கரிமத் தொகுதி) உள்ள ஒரு பொருளைப் பல மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் நைட்ரிக் ஆக்சைடோடு சேர்த்து வைத்தால், ஒரு அமீனில் இரண்டு வாயு மூலக்கூறுகள் போய் உட்காரும். காரத்தில் அமைதியாக இருக்கும், நீரில் ஒரு புரோட்டான் (அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனி) கிடைத்தால் அவிழ்ந்துவிடும். வேதியியலாளர் டிராகோ 1960 வாக்கிலேயே இந்த வகைச் சேர்மங்களைச் செய்துவிட்டார். 1990-களின் தொடக்கத்தில் கீஃபர் குழுவினர்தான் இவற்றை மருத்துவத்தின் பக்கம் திருப்பினார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், எந்த அமீன் என்பதை மாற்றினாலே வேகம் எவ்வளவு மாறுகிறது என்பது. உடல் வெப்பத்தில், இரத்தத்தின் அமில-கார அளவான பிஹெச் 7.4-இல், புரோலினில் செய்த நோனோஏட்டின் அரை ஆயுள் (பாதி தீர ஆகும் நேரம்) ஏறத்தாழ 2 விநாடி, டையெத்திலின்ட்ரையமீனில் செய்ததற்கோ 20 மணி நேரம். கொக்கி ஒன்றுதான், அது மாட்டியிருக்கும் ஆணிதான் வேறு.

இரண்டாவது கொக்கி எஸ்-நைட்ரோசோதயோல். சிஸ்டீன், குளூட்டாதயோன் போன்றவற்றில் உள்ள கந்தகத்தின் மேல் நைட்ரோசோவை, அதாவது நைட்ரிக் ஆக்சைடுத் தொகுதியை, ஏற்றுகிறோம். வெப்பம், ஒளி, செப்பு அயனி மூன்றில் எது பட்டாலும் பிணைப்பு அறுந்து வாயு வெளியேறும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெள்ளைப் பாலிமரில் சிஸ்டீன் கைகளைப் பிணைத்து நைட்ரோசோ ஏற்றியதும் கரைசல் ரோஜா இதழ் நிறத்துக்கு வந்துவிடும், பெனிசிலமைன் வகையாக இருந்தால் பச்சை. வாயு போகப் போக நிறம் வெளுக்கும். நான் முதன்முதலில் வார்த்த படலத்தை அலுமினியத் தாளில் சுற்றிச் சாளரத்துக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு வார இறுதிக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை வந்து பிரித்துப் பார்த்தால், தாள் சரியாக மூடாத ஒரு மூலை மட்டும் நகக்கண் அளவுக்கு வெள்ளையாக இருந்தது, மற்ற இடமெல்லாம் வெளிறிய இளஞ்சிவப்பு. ஒளி ஒரு மூலையைத் தின்றிருக்கிறது, அறை வெப்பம் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. பாடப்புத்தகத்தில் பத்து முறை படித்திருந்தும் அந்த வெள்ளை மூலையைப் பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. நாம் செய்வது உயிருள்ளது போல ஒரு பொருள், செய்து முடித்த கணத்திலிருந்தே அது செலவாகிக்கொண்டிருக்கிறது.

இனி மூன்றாவது கேள்வி. இந்தத் துறையின் கட்டுரைகளைப் படித்தால் எல்லாரும் எவ்வளவு வாயு வெளிவருகிறது, எத்தனை நாள் வருகிறது என்பதைத்தான் பெரிதாக எழுதுவார்கள். வாயு போன பிறகு அங்கே என்ன மிச்சமிருக்கிறது, அந்த மிச்சம் எப்போது உடம்புக்குள் போகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஏனென்றால் இந்தப் பொருளுக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. வாயு தீர்வது ஒன்று, பாலிமர் கரைவது இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஓடினால் கவலையே இல்லை, ஆனால் தொடுகின்றன.

நோனோஏட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாயு போனதும் மிஞ்சுவது பழைய அமீன். இரண்டாம் நிலை அமீனாக இருந்து, பக்கத்திலேயே நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டான நைட்ரோசோ ஏற்றும் பொருள்களும் இருந்தால், நைட்ரோசமீன் உருவாக வாய்ப்பு உண்டு. அவற்றில் பல புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. கரையாத பாலிமர் என்றால் அமீனைச் சங்கிலியோடு வேதிப் பிணைப்பில் கட்டிப்போட்டு, அது எங்கும் போகாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். கரையும் பாலிமரில் அந்தச் சாக்கு செல்லாது. சங்கிலியே அறுந்து துண்டு துண்டாகப் போகும்போது கட்டிப்போட்டதும் கூடவே போகும். எனவே கரையும் பாலிமரில் கொக்கியைத் தேர்ந்தெடுக்கும்போதே, இது கடைசியில் இரத்தத்தில் மிதக்கப்போகிறது, ஈரலும் சிறுநீரகமும் இதை ஏற்கெனவே அறியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதனால்தான் நான் சிஸ்டீன், குளூட்டாதயோன் பக்கம் சாய்பவன். பெனிசிலமைனும் உடம்பில் செப்பு தேங்கும் வில்சன் நோய்க்கு மருந்தாகக் கொடுக்கப்படுவதுதான், அதன் நல்லது கெட்டது இரண்டும் மருத்துவர்களுக்குத் தெரியும். தெரிந்த மிச்சம் எப்போதுமே தெரியாத மிச்சத்தைவிடப் பாதுகாப்பு.

அடுத்தது அமிலம். லாக்டிக், கிளைகாலிக் பாலிமர் நீர் பட்டு உடையும்போது அதே அமிலங்கள்தான் வெளிவருகின்றன. மேற்பரப்பில் பிறக்கும் அமிலத்தை உடல் திரவம் கழுவிக்கொண்டு போய்விடும். நடுவில் பிறப்பது வெளியேற வழியில்லாமல் தேங்கி, உள்ளே பிஹெச் 4-க்கும் கீழே இறங்கும், அந்த அமிலமே மீதிச் சங்கிலியை இன்னும் வேகமாக உடைக்கும். அமிலத்தைக் கண்டால் அவிழும் நோனோஏட்டை இதற்குள் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகிக்கலாம்: சில நாள் அமைதி, பிறகு திடீர் வெள்ளம். ஆனால் இதே குணத்தை அழகாகத் திருப்பிப் பயன்படுத்தியவர்களும் உண்டு. நோனோஏட் உள்ள பூச்சில் வாயு போகப் போக அமீன் மிஞ்சி உள்ளே காரத்தன்மை ஏறும், அதனால் மீதி வாயு வர மறுத்து அடைந்து கிடக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேயர்ஹாஃப் குழுவினரும் அவர்களோடு இருந்தவர்களும், மெதுவாக உடையும் லாக்டிக்–கிளைகாலிக் பாலிமரைக் கொஞ்சம் கலந்து, அதிலிருந்து கசியும் அமிலத்தால் அந்தக் காரத்தைச் சமன்செய்து, வெளியீட்டை நாள்கணக்கில் சீராக நீட்டித்தார்கள். சிதைவு என்பதைத் தொல்லையாகப் பார்க்காமல் சாவியாகப் பார்த்தது எனக்கு இன்றும் பிடித்த யோசனை. நைட்ரோசோதயோல் அமிலத்துக்கு அவ்வளவாக அசையாது, அதன் சிக்கல் வேறு: வாயு போனதும் இரண்டு கந்தகங்கள் கைகோத்து டைசல்ஃபைடு பாலம் ஆகிவிடும். அது இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே விழுந்தால் நாம் வார்த்தபோது இருந்த பாலிமர் வேறு, இப்போது கரையவேண்டிய பாலிமர் வேறு.

அளவு என்று வரும்போது பலர் ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. ஆரோக்கியமான இரத்தக்குழாயின் உட்சுவர் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு 50 முதல் 400 பிகோமோல் (பத்து லட்சம் பிகோமோல் சேர்ந்தால் ஒரு மைக்ரோமோல்) வரை நைட்ரிக் ஆக்சைடு விடுவதாக மதிப்பிடுகிறார்கள். நடுவாக 100 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்துக்கு 43,200 நிமிடம், ஆக 4.32 மைக்ரோமோல். வாயுவாக எடைபோட்டால் 0.13 மில்லிகிராம்தான், ஒன்றுமே இல்லை. ஆனால் அதைச் சுமக்கும் கொக்கியையும் சேர்த்து எடைபோட வேண்டும். மோலுக்கு 220 கிராம் எடையுள்ள நைட்ரோசோ அசெட்டைல்பெனிசிலமைன் என்றால் கிட்டத்தட்ட 1 மில்லிகிராம் வேண்டும். 50 மைக்ரான் தடிமனுள்ள பூச்சு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 6 மில்லிகிராம்தான் இருக்கும். அதாவது பூச்சின் ஆறில் ஒரு பங்கு கொக்கியே. இதையே ஒரு வருடத்துக்கு இழுத்தால் 11 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும், பூச்சின் மொத்த எடையைவிட அது அதிகம். வருடக்கணக்கில் வாயு விடும் மெல்லிய பூச்சு என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை எடுத்து வையுங்கள். நோனோஏட்டில் ஒரு கொக்கிக்கு இரண்டு வாயு என்பது கொஞ்சம் உதவும், ஆனாலும் கணக்கு தலைகீழாக மாறாது. எனவே நாள்கள், வாரங்கள் போதும் என்கிற நோய்களைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

அப்படிப் பார்த்தால் ஆறாத புண் நல்ல இடம். நைட்ரிக் ஆக்சைடு அதிக அளவில் இருந்தால் பாக்டீரியாவைக் கொல்லும், அதுவே உடம்பில் உண்டாகும் சூப்பராக்சைடு என்ற ஆக்சிஜன் வகையோடு சேர்ந்து இன்னும் கடுமையான பெராக்சிநைட்ரைட் ஆகும். மிகக் குறைந்த அளவிலோ வேறொன்று செய்கிறது: சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் கட்டிக்கொள்ளும் பிசுபிசுப்பான பயோஃபிலிம் கோட்டையை விட்டு அவற்றை வெளியே கிளப்பிவிடுகிறது. நானோமோலார் அளவே இதற்குப் போதும் என்று 2006-இல் காட்டினார்கள். வெளியே வந்த பாக்டீரியாவை வழக்கமான ஆன்டிபயாட்டிக் எளிதில் பிடித்துவிடும். புண் என்பதால் கட்டை அவிழ்த்துப் பார்க்கலாம், மாற்றலாம், ஏதாவது தவறு என்றால் கழற்றி எறியலாம். இரத்தத்துக்குள் வைத்த பொருளை அப்படிச் செய்ய முடியாது.

ஸ்டென்ட் பக்கம் ஆசை அதிகம், காரணமும் நியாயமானது. இப்போதுள்ள மருந்து பூசிய ஸ்டென்ட்கள் தசைச் செல்கள் பெருகி மறுபடி அடைப்பதைத் தடுக்கின்றன, ஆனால் உட்சுவர் புதிதாகப் படர்வதையும் தாமதப்படுத்துகின்றன. நைட்ரிக் ஆக்சைடு தசைச் செல்லை அடக்கி, தட்டணுவைத் தள்ளிவைத்து, உட்சுவர் படர்வதற்கு இடையூறு செய்யாமல் இருக்கும் என்பதால் இதைவிடப் பொருத்தமான பொருளைக் கற்பனை செய்வதே கடினம். ஆனால் கரையும் ஸ்டென்ட் என்ற வண்டியே ஒருமுறை சறுக்கியிருக்கிறது. அபாட் நிறுவனத்தின் அப்சார்ப், பாலிலாக்டிக் அமிலத்தில் செய்தது, 2016 ஜூலையில் அமெரிக்காவில் அனுமதி பெற்று 2017 செப்டம்பரில் விற்பனை நிறுத்தப்பட்டது. அதில் இருந்தது செல் பெருக்கத்தைத் தடுக்கும் எவரோலிமஸ், நைட்ரிக் ஆக்சைடு அல்ல. உலோக ஸ்டென்ட்டைவிட அதில் இரத்தம் உறைவது அதிகமாக இருந்தது. உலோகத்தின் வலிமை பாலிமருக்கு இல்லாததால் கம்பிகளை 150 மைக்ரான் வாக்கில் தடிமனாகச் செய்ய வேண்டியிருந்தது, தடித்த கம்பி இரத்த ஓட்டத்தைக் கலைக்கிறது, மூன்று வருடம் போல அங்கேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. நைட்ரிக் ஆக்சைடு ஒரு மாதத்தில் தீர்ந்துபோய், தடித்த பாலிமர் இன்னும் கிட்டத்தட்ட மூன்று வருடம் உதிர்ந்துகொண்டிருந்தால் அந்த மூன்று வருடத்துக்கு யார் காவல்? கடிகாரங்கள் என்று நான் சொன்னது இதைத்தான்.

நோயாளியின் உடம்பு வரை வரவில்லை என்றீர்கள், முழுக்க அப்படியும் இல்லை. 2024 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பெர்டாசிமர் என்ற தோல் மருந்துக்கு அனுமதி கொடுத்தது. மொலஸ்கம் என்ற வைரஸ் கொப்புளங்களுக்கானது அது. சிலாக்சேன் (சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும் சங்கிலி) முதுகெலும்பில் நோனோஏட் கொக்கிகளைப் பிணைத்த ஒரு பெரிய மூலக்கூறு, நாம் பேசும் கரையும் பாலியெஸ்டர் வகை இல்லை. ஆனால் அதைக் கொடுக்கும் விதத்தைக் கவனியுங்கள்: இரண்டு தனித்தனி டியூப்கள், ஒன்றில் மருந்து, மற்றொன்றில் புரோட்டான் கொடுக்கும் ஹைட்ரோஜெல், பூசுவதற்குச் சற்று முன்புதான் இரண்டையும் கலக்க வேண்டும். என் படலத்தின் அந்த வெள்ளை மூலைக்கு அவர்கள் கண்டுபிடித்த பதில் இது. செலவாகும் பொருளை, நோயாளியின் கையில் வரும்வரை செலவாக விடாமல் தடுத்துவிட்டார்கள். கரையும் பாலிமர்க்காரர்களுக்கு இன்னும் இந்தப் பதில் முழுதாகக் கிடைக்கவில்லை. நீராவியில் கிருமிநீக்கம் செய்தால் கொக்கியும் போகும், பாலிமரும் போகும். கதிர்வீச்சு சங்கிலியை அறுக்கும். எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமிநீக்கம் செய்தால் பொருள் ஓரளவுக்குத் தாங்கும், அதுவும் ஈரமும் வெப்பமும் கலந்த அறையில்தான் நடக்கிறது. பிறகு குளிரில், இருட்டில், ஈரமில்லாமல் மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்த விஷயத்தில்தான் நல்ல நல்ல பொருள்களெல்லாம் நின்றுபோயின.

தொடங்கப்போகிறவர் என்பதால் அளவிடுவது பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஆய்வகங்களில் கிரீஸ் (Griess) சோதனைதான் கைவசம் இருக்கும், 1879-லிருந்து இருப்பது, மலிவானது, இளஞ்சிவப்பாக நிறம் காட்டும். ஆனால் அது அளப்பது நைட்ரைட்டை, நைட்ரிக் ஆக்சைடை அல்ல. என் படலம் முதல் ஒரு மணி நேரத்தில் பெரிய அளவில் வாயு விடுகிறது என்று நான் பல வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். வரைபடமெல்லாம் அழகாக வந்தது. கடைசியில் பார்த்தால், நைட்ரோசோ ஏற்றியபோது சேர்த்த நைட்ரைட் சரியாகக் கழுவப்படாமல் படலத்தில் தங்கி, நீரில் போட்டதும் கரைந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். நைட்ரிக் ஆக்சைடை ஓசோனோடு வினைபுரியவிட்டு வெளிவரும் ஒளியை அளக்கும் கருவி எங்காவது கிடைத்தால், இரண்டு நாள் இரவல் வாங்கியாவது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாயு பிறக்கும் அந்தக் கணத்தையே அது காட்டும்.

என்னைக் கேட்டால் எதில் தொடங்குவது? சிஸ்டீன் பிணைத்த லாக்டிக்–கிளைகாலிக் பாலிமர், மெல்லிய நார்ப்படலமாக, புண்ணுக்கு, ஒரு வார இலக்கு. மெல்லிய நார் என்றால் நடுவில் அமிலம் தேங்காது, மிச்சம் உடம்புக்குத் தெரிந்த அமினோ அமிலம், ஒரு வாரம் என்றால் கொக்கிக் கணக்கும் இடிக்காது. வாயு வெளிவருவதை ஒரு கோடாகவும், அதே மாதிரியில் எடை குறைவதை இன்னொரு கோடாகவும் ஒரே தாளில் வரையுங்கள். ஏழாம் நாள் வாயு நின்ற பிறகும் படலத்தைத் தூக்கிப் போட்டுவிடாமல் கரைந்து முடியும்வரை அந்த நீரைச் சேமித்து, அதில் என்னென்ன துண்டுகள் மிதக்கின்றன என்று பாருங்கள். அந்த இரண்டாவது மாதத்து நீரைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.